மனச்சோர்வும் மூளையும்: டாக்டர் விதிதா வைத்யாவின் ஆராய்ச்சி

திருப்பதியிலிருந்து புத்தூருக்குச் செல்லும் சாலையில் வடமாலபேட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இப்பகுதியின் உழவர்கள், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானிலை அறிக்கையைக் கருத்துடன் கேட்பது வழக்கம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றியுள்ளது என்ற செய்தி மழையின் வருகையை அவர்களுக்கு அறிவிக்கும். ஆங்கிலத்தில் இத்தாழ்வைக் குறிக்கும் சொல்லே மனிதரைப் பற்றும் ஒரு நோயையும் குறிக்கிறது. அந்நோயை நாம் மனச்சோர்வு என்று வழங்குகிறோம்.

கடலின்மேல் தோன்றும் தாழ்வுக்காக எவரும் கடலைப் பழிப்பதில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு என்பதையும், அவற்றை அளந்தறிய இயலும் என்பதையும் அனைவரும் ஒப்புக்கொள்வர். ஆயின் மனிதரிடம் தோன்றும் தாழ்வை மட்டும் சோம்பல் என்றும், கோழைத்தனம் என்றும், 'வேலை இல்லாததால் வந்த வினை' என்றும் பேசும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. இந்நோய் உடலைச் சார்ந்தது, மூளையில் கண்டறியத்தக்க மாறுதல்களை உடையது என்பதை மெய்ப்பித்து வரும் விஞ்ஞானிகளுள் நம் நாட்டவரான டாக்டர் விதிதா வைத்யா குறிப்பிடத்தக்கவர். அவருடைய ஆராய்ச்சிப் பணியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் இயல்பு

துயரம் மனித வாழ்க்கைக்கு இயல்பானது. விளைச்சல் பொய்த்தாலும், உற்றார் மறைந்தாலும் வருந்துவது நோயன்று. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், பெரும்பாலும் நாள்தோறும், மனம் தாழ்ந்தே இருத்தல். முன்பு மகிழ்ச்சி தந்தவற்றில் நாட்டமின்மை. உறக்கமும் பசியும் கெடுதல். காரணமின்றித் தம்மைத் தாமே குற்றவாளியாகக் கருதுதல். உயிர் வாழ்வதையே வெறுத்தல் ஆகியவற்றுள் பலவும் ஒருங்கே தோன்றி அன்றாட வாழ்வு தடைப்படுமாயின் அதனை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்பர்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையம், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டுகளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 20 பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்நோய்க்கு ஆளாகிறார் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. மனநோய்கள் பலவற்றில் சிகிச்சை பெறுவோரைவிடப் பெறாதவரே மிகுதி என்பதையும் அது எடுத்துக்காட்டியது.

'மன அழுத்தம்', 'மனச்சோர்வு' என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் ஒன்றாகவே ஆளப்படுகின்றன. விஞ்ஞான நோக்கில் இவை வெவ்வேறானவை. அழுத்தம் என்பது உடலையும் உள்ளத்தையும் தாக்கும் நெருக்கடியும், அதனை எதிர்கொள்ள உடல் செய்யும் ஏற்பாடும் ஆகும். சோர்வு என்பது நோய். நெருக்கடி நெடுங்காலம் நீடித்தாலோ, தாங்கவொண்ணாப் பருவத்தில் நேர்ந்தாலோ நோய்க்கு வழிகோலக்கூடும். நெருக்கடி எவ்வாறு நோயாக மாறுகிறது என்பதே ஆராய்ச்சியாளர்களின் முன் நிற்கும் வினா.

அழுத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் தொடக்கம்

1936ஆம் ஆண்டில் கனடா நாட்டின் மான்ட்ரியல் நகரில் ஆராய்ச்சி செய்துவந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிர், காயம், மிகுந்த உழைப்பு முதலிய பல்வேறு துன்பங்களுக்கு உட்படுத்தினார். துன்பம் எதுவாயினும் உடலில் நேர்ந்த மாறுதல்கள் ஒரே விதமாக இருந்தன. சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் பருத்தன. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண்கள் தோன்றின. பொறியியலில் உத்தரத்தின்மேல் ஏறும் பாரத்தைக் குறிக்க வழங்கிய சொல்லையே செல்யே பின்னர் இந்நிலைக்குப் பெயராக வழங்கலானார்.

நெருக்கடியின்போது அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் செலுத்துகின்றன. இது சிறிது நேரத்திற்கு உடலுக்குத் துணைபுரிகிறது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புரூஸ் மெக்கெவனும் அவருடைய துணைவர்களும், எலியின் உடலில் இதே பணியைச் செய்யும் ஹார்மோன் மூளையையும் அடைந்து, ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் மிகுதியாகத் தங்குவதைக் கண்டனர். நினைவாற்றலுக்கு இன்றியமையாத பகுதி இதுவேயாகும். அழுத்தம் வெறும் எண்ணம் அன்று; இரத்தத்தின் வழியே மூளையைத் தொடும் பொருளும் அதில் உண்டு என்பது இதனால் விளங்கிற்று.

மருந்துகள் எழுப்பிய புதிர்

மனச்சோர்வைப் பற்றிய ஆராய்ச்சி வேறொரு வழியில் வளர்ந்தது. அவ்வழியின் தொடக்கத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கு இடமுண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதை பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை உலகறியச் செய்தது. அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ரெசர்பின் என்னும் மருந்தை உட்கொண்டவருள் சிலர் மனச்சோர்வுற்றனர் என மருத்துவர்கள் பின்னர்க் குறித்தனர். அம்மருந்து, செரடோனின் முதலிய சில பொருள்களின் இருப்பை மூளையில் குறைத்துவிடுகிறது என்பதும் தெரியவந்தது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி காசநோய் மருத்துவத்தில் நேர்ந்தது. பழைய சித்தூர் ஜில்லாவில் மதனபள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தின் காசநோய் மருத்துவ நிலையத்தை இப்பகுதி முதியோர் அறிவர். அத்தகைய நிலையம் ஒன்றில், அமெரிக்காவில், 1952ஆம் ஆண்டையொட்டி இப்ரோனியாசிட் என்னும் புதிய மருந்தை நோயாளிகளுக்கு அளித்தனர். நெடுநாள் படுக்கையில் கிடந்தோர் எழுச்சியும் உற்சாகமும் பெற்றதைக் கண்டு மருத்துவர்கள் வியந்தனர். இம்மருந்து, செரடோனின் போன்ற பொருள்கள் சிதைவதைத் தடுப்பதாகும்.

இவ்விரண்டையும் இணைத்து, செரடோனின் முதலியவற்றின் குறைவே மனச்சோர்வு என்ற கொள்கை உருவாயிற்று. அதனையொட்டிப் பல மருந்துகள் பிறந்தன, பயனும் அளித்தன. ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. மருந்தை உட்கொண்ட சில மணி நேரத்திலேயே மூளையில் செரடோனின் மிகுகிறது. நோயோ தணியச் சில வாரங்களாகின்றன. குறைந்ததை நிரப்புவதே சிகிச்சையாயின், இத்தாமதம் ஏன்? விளக்கிற்கு எண்ணெய் வார்த்தவுடன் சுடர் எழ வேண்டும் அல்லவா? மூளையில் மெதுவாக நிகழும் வேறொரு மாறுதல் இருத்தல் வேண்டும் என ஆராய்ச்சியாளர்கள் ஊகித்தனர்.

யேல் பல்கலைக்கழகத்திலிருந்து பம்பாய்க்கு

விதிதா வைத்யா 1970ஆம் ஆண்டில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் மருத்துவ ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்கள். பம்பாய் புனித சேவியர் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தபின் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு மேற்கூறிய புதிரை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் ரொனால்ட் டியூமனின் மாணவியானார். நரம்பணுக்களைப் பேணி வளர்க்கும் புரதங்கள் மூளையில் உண்டு. அழுத்தம் அவற்றைக் குறைக்கிறது, சோர்வகற்றும் மருந்துகள் வாரக்கணக்கில் அவற்றைப் பெருக்குகின்றன என்பது டியூமன் குழுவினரின் கருத்து. பி.டி.என்.எஃப். என்பது அப்புரதங்களுள் தலையாயது.

செரடோனின் மூளையில் தனித்துச் செயற்படுவதில்லை. நரம்பணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் அமைப்புகள் உள்ளன. செரடோனின் சாவியாயின் ஏற்பிகளைப் பூட்டுகள் எனலாம். ஒரே சாவி பத்துக்கும் மேற்பட்ட பூட்டுகளைத் திறக்கிறது. திறக்கும் கதவுகளோ வெவ்வேறு. '2ஏ' என்று குறிக்கப்பெறும் ஏற்பியின் வழியே செரடோனின் பி.டி.என்.எஃப். உற்பத்தியை மாற்றுகிறது என்பதை 1997ஆம் ஆண்டில் வைத்யாவும் டியூமன் முதலியோரும் வெளியிட்டனர். மாணவப் பருவத்தில் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பி, அம்மையாரின் பிற்கால ஆராய்ச்சி முழுவதிலும் தொடர்ந்து வருகிறது.

சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்திலும் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலும் மேலும் பயின்றபின், 2000ஆம் ஆண்டில் தாயகம் திரும்பி, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1945ஆம் ஆண்டில் ஹோமி பாபா தோற்றுவித்த இந்நிலையம் கணிதத்திற்கும் பௌதிகத்திற்கும் பெயர்பெற்றது. 1962ஆம் ஆண்டில் ஒபைத் சித்திகி இங்கு மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கினார். அணுவை ஆராய்வோரின் அருகிலேயே உயிரணுவை ஆராய்வோரும் பணிபுரியும் மரபு அன்று தோன்றியது.

தாயைப் பிரிந்த குட்டிகள்

மனச்சோர்வுக்கு ஆளாவோருள் பலர் இளம்பருவத்தில் புறக்கணிப்பு, அடி, பிரிவு முதலிய துன்பங்களை அனுபவித்தவர்கள் என்பது மருத்துவர் பலகாலமாக அறிந்த செய்தி. பல்லாண்டுகளுக்கு முன் நேர்ந்த துன்பம் எங்கே பதிந்திருக்கிறது? நினைவில் மட்டுமா, அன்றி மூளையின் அமைப்பிலேயா? டாக்டர் வைத்யாவின் ஆய்வுக்கூடம் இவ்வினாவை மையமாகக் கொண்டது.

இதற்கான பரிசோதனை எளிமையானது. எலிக்குட்டிகள் பிறந்த 2ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை, நாள்தோறும் 3 மணி நேரம் தாயிடமிருந்து பிரித்து வைக்கப்பெறும். அதன்பின் அவை இயல்பாகவே வளர்கின்றன. உணவிலோ இருப்பிடத்திலோ குறையில்லை. ஆயினும் வளர்ந்தபின் இவை பிற எலிகளைவிட அச்சம் மிக்கவையாக இருக்கின்றன; திறந்த வெளிக்கு வரத் தயங்குகின்றன. இவற்றின் முன்மூளைப் புறணியில் '2ஏ' உள்ளிட்ட ஏற்பி வகையின் செயல் மிகுந்திருப்பதை 2010ஆம் ஆண்டில் வைத்யா குழுவினரும் கனடா நாட்டு ஆராய்ச்சியாளரும் கண்டனர். பிரிவு நிகழும் நாள்களிலேயே இவ்வேற்பிகளைத் தடுக்கும் மருந்தை அளித்தால், பின்னாளில் அச்சம் தோன்றுவதைத் தவிர்க்க இயலும் என்பதும் தெரிந்தது. துன்பம் பதியும் வழி ஒன்று இவ்வாறு புலப்பட்டது.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு முடிவு எதிர்பாராதது. ஹிப்போகாம்பஸ் பகுதியில், வளர்ந்த எலிகளிலும் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன. தாயைப் பிரிந்த எலிகளில் இவை தொடக்கத்திலேயே குறைந்திருக்கும் என எவரும் எதிர்பார்ப்பர். ஆயின் இளமையில் இவ்வெலிகளிடம் புதிய நரம்பணுக்கள் மிகுந்து காணப்பட்டன. நெருக்கடி மிக்க சூழலில் அவை பிற எலிகளைவிடத் திறமையாகக் கற்றன. நடுவயதை எட்டியபோது நிலை தலைகீழாயிற்று. புதிய நரம்பணுக்கள் குறைந்தன, பி.டி.என்.எஃப். குறைந்தது; நினைவாற்றலும் தளர்ந்தது.

இதன் பொருள் யாது? கடுமையான உலகில் பிறந்துள்ளோம் என்பதை இளம் மூளை உணர்ந்து, அதற்கேற்பத் தன்னை விரைந்து ஆயத்தம் செய்துகொள்கிறது எனக் கருதலாம். அவ்வாயத்தம் இளமையில் பயன் தருகிறது. அதற்குரிய விலையைப் பிற்காலத்தில் செலுத்த நேரிடுகிறது. எனவே இளமையில் துன்புற்ற ஒருவரின் மூளையைப் பழுதுபட்டது என்று கூறுவது முற்றிலும் பொருந்தாது. வேறொரு சூழலுக்காக அமைந்த மூளை என்பதே நேர்மையான கூற்று. அம்முதிய எலிகளுக்கும் சோர்வகற்றும் மருந்தை நீடித்து அளித்தபோது நினைவுக் குறை தணிந்தது என்பது நம்பிக்கையூட்டும் செய்தி.

மருந்தே துன்பமாகும் பருவம்

பருவத்தின் இன்றியமையாமையை மற்றொரு பரிசோதனையும் உணர்த்துகிறது. ஃபுளுவாக்ஸடின் என்பது செரடோனினை மிகுவிக்கும் மருந்து. வளர்ந்தவரின் மனச்சோர்வுக்கு உலகெங்கும் வழங்குவது. இதனையே பிறந்த சில நாள்களே ஆன எலிக்குட்டிகளுக்கு அளித்தால், அவை வளர்ந்தபின் அச்சமும் சோர்வும் உற்றவை போல் நடந்துகொள்கின்றன. அந்நிலையில் அதே மருந்தை மீண்டும் அளித்தால் அச்சோர்வு தணிகிறது. ஒரே பொருள் ஒரு பருவத்தில் நோயை விளைவித்து மற்றொரு பருவத்தில் அதனைத் தீர்க்கிறது. செரடோனின் குறைந்தால் சோர்வு, மிகுந்தால் நலம் என்னும் எளிய கணக்கு இங்கு பொய்த்துவிடுகிறது.

எலிகளில் கண்ட இம்முடிவை மனிதருக்கு நேராகப் பொருத்துதல் கூடாது. மருந்து உட்கொண்டுவரும் தாய்மார்கள், கருவுற்ற தாய்மார்கள் உட்பட, மருத்துவரைக் கலவாமல் தாமாக அதனை நிறுத்துவது தீங்கு விளைவிக்கும்.

பெங்களூரில் கண்ட காட்சி

அதே காலத்தில் பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தில் டாக்டர் சுமந்திர சட்டர்ஜி, அழுத்தத்தால் நரம்பணுக்களின் வடிவம் மாறுவதை ஆராய்ந்தார். இம்மையமும் டாட்டா நிலையத்தின் கிளையே. வளர்ந்த எலிகளை நாள்தோறும் 2 மணி நேரமாக 10 நாள்கள் அசையவொட்டாமல் வைத்தபோது, ஹிப்போகாம்பஸ் பகுதி நரம்பணுக்களின் கிளைகள் குறுகின. ஆயின் அச்சத்தை ஆளும் அமிக்டலா என்னும் பகுதியில் கிளைகள் செழித்து வளர்ந்தன. 2002ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. துன்பம் நீங்கி 21 நாள்கள் கழிந்தபின்னும் அமிக்டலாவின் வளர்ச்சியும் அச்சமும் மாறவில்லை என 2004ஆம் ஆண்டில் அவருடைய குழுவினர் கண்டனர். 'நடந்தது முடிந்துவிட்டது, இன்னும் ஏன் அஞ்சுகிறாய்?' என்று வினவுவோர்க்கு இதனினும் தக்க விடை வேறில்லை.

ஆற்றல் நிலையங்கள்

உயிரணுக்களுக்குத் தேவையான ஆற்றலை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் அளிக்கின்றன. டாக்டர் வைத்யாவும், அதே நிலையத்தின் டாக்டர் உல்லாஸ் கோல்தூர் சீதாராமும் இணைந்து நடத்திய ஆராய்ச்சி, 2019ஆம் ஆண்டில் புதிய உண்மையை வெளிப்படுத்தியது. செரடோனின் '2ஏ' ஏற்பியின் வழியே மூளைப் புறணியின் நரம்பணுக்களில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. ஆற்றல் உற்பத்தியை உயர்த்துகிறது. தீங்கு தரும் சூழலில் நரம்பணுக்கள் மடியாமல் காக்கிறது. நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் தூதன் என்று மட்டும் அறியப்பட்டிருந்த பொருள், அவற்றின் ஆற்றலையும் நிர்வகிக்கிறது என்பது இதனால் தெரியவந்தது. நோயாளிகள் 'உடம்பில் சக்தியே இல்லை' என்று முறையிடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பது இனி ஆராயத்தக்க வினா.

இப்பணிகளைப் பாராட்டி 2015ஆம் ஆண்டில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும், 2022ஆம் ஆண்டில் உயிரியல் துறைக்கான இன்ஃபோசிஸ் பரிசும் டாக்டர் வைத்யாவுக்கு வழங்கப்பெற்றன.

எலியும் மனிதனும்

எலிக்கு மனச்சோர்வு உண்டா என வாசகர்கள் வினவக்கூடும். எலி தன் துயரத்தைச் சொல்வதில்லை. அதன் நடத்தையைக் கொண்டு நாம் ஊகிப்பதே உண்மை. வளர்ந்த மனிதரின் ஹிப்போகாம்பஸில் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றனவா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த இரு ஆராய்ச்சிகள் நேர்முரணான முடிவுகளைக் கூறின. ஆதலின் எலியில் கண்ட அனைத்தையும் மனிதர்மேல் ஏற்றிக் கூற விஞ்ஞானிகள் முற்படுவதில்லை.

ஆயினும் சில சான்றுகள் ஒத்திசைகின்றன. தற்கொலை செய்துகொண்டவர்களின் மூளைத் திசுக்களைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். இளமையில் கொடுமைக்கு ஆளானவரிடம், அழுத்த ஹார்மோனை ஏற்கும் ஜீனின்மேல் ரசாயன அடையாளங்கள் மிகுந்திருந்தன. அத்தகைய கொடுமைக்கு ஆளாகாமல் இறந்தவரிடம் அவை அவ்வாறில்லை. தாய் எலியின் அரவணைப்புக் குறைந்த குட்டிகளிடமும் இத்தகைய அடையாளங்களே முன்னர்க் காணப்பட்டிருந்தன.

நாம் பெறும் படிப்பினை

இவ்வாராய்ச்சிகள் இன்னும் ஒரு புதிய மருந்தாக நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆயினும் இவற்றிலிருந்து இரண்டு உண்மைகளை இன்றே ஏற்கலாம். முதலாவது, குழந்தைப் பருவத்தின் அன்பும் பாதுகாப்பும் மூளையின் வளர்ச்சிக்கு உணவு போன்றவை. வறட்சியாலும் கடனாலும் நொந்த இல்லங்களிலும், வேலை தேடிப் பெற்றோர் வெளியூர் செல்லும் இல்லங்களிலும், பாட்டனாரோ, அத்தையோ, ஆசிரியரோ ஒரு குழந்தைக்கு அளிக்கும் நிலையான அரவணைப்பு சிறிய உதவியன்று. இரண்டாவது, துன்பம் பதித்த அடையாளம் மாற்றவியலாத தலைவிதியுமன்று. மருந்தாலும், உளவியல் சிகிச்சையாலும், சுற்றத்தாரின் துணையாலும் நோயாளிகள் பலர் நலம் பெறுகின்றனர்.

1982ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மனநலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் மனநலச் சேவைகளை அமைக்கும் பணி நடைபெற்று வருகிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். தமிழ், தெலுங்கு உட்படப் பல இந்திய மொழிகளில் ஆலோசனை கிடைக்கும்.

வானிலை நிலையம் புயலைத் தடுப்பதில்லை. முன்னறிவித்து உயிர்களைக் காக்கிறது. மனச்சோர்வைப் பொறுத்தவரையிலும் விஞ்ஞானம் அத்தகைய பணியையே செய்யத் தொடங்கியுள்ளது. வாரக்கணக்கில் மனம் தாழ்ந்து கிடப்பவரை நம் இல்லத்திலோ தெருவிலோ காண நேர்ந்தால், அவரைப் பழிப்பதை விடுத்து மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.